மாயர் வாழ்விற் பனையினங்கள்

மாயர் என்றதும் நம் மாணவர் உள்ளத்தில் எழுவன படிப்படியாய் உயர்ந்த கற்கோயில்களும், நுட்பமான நாட்கணிப்பும், சுழியத்துக்குத் தனிக்குறி கண்ட எண்முறையுமே. சரித்திர பாடநூல்களும் பெரும்பாலும் இவற்றோடு நின்றுவிடுகின்றன. ஆயின் அக்கோயில்களை எழுப்பிய மக்களுட் பெரும்பாலார் வாழ்ந்தது கல்மாளிகையிலன்று. ஓலை வேய்ந்த குடிலிலேயாம். கோயில்கள் காடு மூடிக் கிடந்த நூற்றாண்டுகளிலும் அக்குடில்கள் தலைமுறை தலைமுறையாக வேயப்பட்டே வந்தன. அவற்றுக்கு ஓலையும், உண்பார்க்குக் காயும், குடிப்பார்க்குச் சாறும், கூட்டுவார்க்குத் துடைப்பமும் தந்த மரங்களைப் பற்றியும், அம்மரங்களை அம்மக்கள் அறிந்து பேணிய முறையைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம். பனையைத் தெரியாத நாட்டார்க்கு இப்பொருள் விந்தையாகத் தோன்றக்கூடும். நமக்கு அவ்வாறன்று.

முதலில் இரண்டு தவறான எண்ணங்களைக் களைந்துகொள்வது நன்று. மாயர் மறைந்துபோன இனத்தார் என்பது ஒன்று. தென் தாழ்நிலத்துப் பெருநகரங்கள் பல கி. பி. 9 ஆம் நூற்றாண்டிற் கைவிடப்பட்டமை உண்மையே, மக்கள் மறைந்தாரல்லர். மெக்சிக்கோவின் தென்கிழக்குப் பகுதியிலும், குவாத்தமாலா, பெலீஸ் ஆகிய நாடுகளிலும், ஒண்டுராசின் மேற்கெல்லையிலும் அவர் இன்றும் பல இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர். ஏறத்தாழ முப்பது மாய மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. யூக்கத்தான் தீபகற்பத்தின் மாயமொழியை மட்டும் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுவதாக மெக்சிக்கோவின் 2020 ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கூறுகின்றது. மற்றையது, இவரை நம் புராணத்து மயனோடு உறவுபடுத்துவது. பெயரிலே காணும் ஒலியொப்புமை வரலாற்றுச் சான்றாகாது. அக்கரையார் சிறப்பு அக்கரையார்க்கே உரியதாக இருக்கட்டும்.

இனி, பனைக் குடும்பத்தின் இயல்பு பற்றி ஒரு சொல். மாவும் வேம்பும் போலப் பனையினங்கள் ஆண்டுதோறும் பருத்து வளையமிடுவனவல்ல. பட்டைக்குக் கீழே வளர்படை என ஒன்று அவற்றுக்கு இல்லை. நீரையும் உணவையும் கடத்தும் நார்க்கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. ஆதலால் வெளிப்புறம் தீயிற் கருகினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான பனைகளுக்கு உச்சியில் உள்ள ஒரே குருத்துத்தான் உயிர். அதனை எடுத்தால் மரம் முடிந்தது. தீக்கு அஞ்சாமை, குருத்தின் ஒருமை ஆகிய இவ்விரு பண்புகளையும் தாவரவியலார் எழுதுவதற்கு நெடுங்காலம் முன்னரே மாயக் குடியானவர் கண்டறிந்து, தம் வேளாண்மையை அவற்றுக்கேற்ப அமைத்துக்கொண்டனர். பின்வருவன பலவும் இவ்விரண்டிலிருந்து பிறப்பனவே.

யூக்கத்தான் மாயரின் தலையாய பனை, தாவரவியலார் சாபல் யாப்பா என வழங்கும் விசிறியோலை மரம். மாயர் அதனை ஷாஆன் என்பர். ஸ்பானிய மொழியில் குவானோ எனப்படுவதும் இதுவே. இதற்கு நெருங்கிய வேறு சாபல் இனங்களும் அந்நாட்டில் உள. மாயர் அவற்றையும் வேறுபிரித்து அறிவர், ஆயினும் கூரைக்கெனின் ஷாஆனையே முதலில் நாடுவர். இதன் ஓலை விசிறிபோல விரிந்ததாயினும், காம்பு ஓலையின் நடுவே நெடுந்தூரம் ஊடுருவி வளைந்து செல்வதால் ஓலை தட்டையாக இராது கூரைமுகடுபோலக் குவிந்திருக்கும். நீரை வழியவிடும் வடிவம் அதற்கு இயற்கையிலேயே வாய்த்திருக்கின்றது. ஓலை வேய்ந்த வீட்டுக்கு மாயமொழியில் வழங்கும் பெயரும் ஷாஆனை முன்வைத்தே அமைந்துள்ளது.

அவ்வீட்டின் அமைப்பை விரித்துரைத்தல் தகும். நான்கு முதன்மைக் கப்புகள் நாட்டப்படும். மாயர் அவற்றை ஓக்கோம் என்பர். அவற்றின் கவர்களில் வளைகள் ஏற்றி, கைமரங்கள் சாத்தி, வரிச்சுகள் கட்டுவர். கட்டுவதற்கு ஆணியில்லை; காட்டுக்கொடியே கயிறு. வீட்டின் இரு முனைகளும் பெரும்பாலும் வட்டமாக வளைந்திருக்கும். சுவர் பாரம் தாங்குவதன்று. நட்ட கம்புகளை நெருக்கமாக நிறுத்தி, வேண்டுமாயின் மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசியது. நிலத்துக்கு, சுண்ணக்கற் படையின் கீழே தோண்டியெடுத்த வெண்மண்ணைப் பரப்பித் திமிசு போடுவர். இவ்வாறமைந்த சட்டகத்தின்மேல் ஓலை ஏறுகின்றது. வேய்வோன் ஓர் ஓலையின் இதழ்களை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறு வரிச்சின் மேலும் மற்றையது கீழுமாகச் செருகுவான். ஓலை தானே வரிச்சைக் கவ்விக்கொள்ளும், தனித்தனி கட்டவேண்டியதில்லை. அடியிலிருந்து மேனோக்கி வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று தழுவ வைத்துச் சென்று, ஈற்றில் முகட்டை மூடுவர். ஒரு வீட்டுக்கு ஓலை நூற்றுக்கணக்கிற் போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும். நன்கு வேய்ந்த கூரை 15 அல்லது 20 ஆண்டு நிலைக்கும். உள்ளே அடுப்பெரியும் வீடாயின் புகை ஏறி ஓலையைப் பூச்சியினின்று காக்கும். ஆயுள் இன்னும் நீளும். கிடுகு கட்டி ஆண்டுக்கு ஆண்டு வேய்ந்து பழகிய நம்மவர்க்கு இக்கணக்குச் சற்றே பொறாமையூட்டுவது.

இவ்வீடு எவ்வளவு பழைமையானது? ஓலை மக்கிப்போவது; ஆயிரம் ஆண்டுக் கூரை எதுவும் நம் கைக்கு எட்டவில்லை. ஆயினும் கல்லே ஓலைக்குச் சாட்சி கூறுகின்றது. யூக்கத்தானின் லப்னா என்னும் பாழ்நகரிலுள்ள புகழ்பெற்ற வளைவாயிலின் முகப்பில், ஓலைக்குடில்கள் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. உஷ்மால் நகரிற் கன்னியர்மடம் எனப் பிற்காலத்தார் பெயரிட்ட நாற்சதுர மாளிகையிலும், வாயில்களுக்கு மேலே அத்தகைய சிறு குடிலுருவங்களைக் காணலாம். அரசர்க்குரிய கட்டடத்தின் நெற்றியிற் குடியானவன் வீடு! இவற்றைக் கண்டே, மாயரின் கற்கவிகை தானும் ஓலைவீட்டின் உட்சாய்வைப் பார்த்து எழுந்தது என எட்வேட் தொம்சன் என்பார் 1911 ஆம் ஆண்டில் எழுதினார். அக்கருத்தை எல்லாரும் ஏற்றாரல்லர். நாமும் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளோம். ஆயினும் உயர்ந்து ஒடுங்கிய அக்கல்லறைகளைப் படத்திற் பார்ப்போர்க்கு அந்நினைவு எழாதிராது.

எழுத்துச் சான்றும் உண்டு. தியேகோ தெ லாண்டா என்னும் ஸ்பானியப் பாதிரியார் 1566 ஆம் ஆண்டளவில் எழுதிய யூக்கத்தான் வரலாற்றில், மக்கள் வீடுகளை வைக்கோலாலும், அதற்கு மிகவும் ஏற்ற பனையோலையாலும் வேய்ந்தனர் என்றும், மழைநீர் உட்புகாதவாறு கூரையை மிகச் சரிவாக அமைத்தனர் என்றும், சிறு கம்புகளாற் செய்த கட்டிலின்மேற் பாய் விரித்துத் துயின்றனர் என்றும் குறிக்கின்றார். 1562 இல் மானி என்னும் ஊரில் மாயரின் ஏடுகளைத் தீக்கிரையாக்கியவரும் இவரே. அழித்தவர் கையாலேயே அழிந்தவற்றைப் பற்றிய குறிப்பும் நமக்குக் கிடைக்க நேர்ந்தது வரலாற்றின் ஒரு கொடிய வேடிக்கை. அவ்வேடுகள் ஓலைச்சுவடிகளோ என்று நம் வாசகர் வினவலாம், அல்ல. எங்கும் பனை சூழ்ந்திருந்தும் மாயர் ஓலையில் எழுதினாரல்லர். அத்திக் குடும்பத்து மரமொன்றின் உட்பட்டையை அடித்து விரித்து, சுண்ணம் பூசி, மடித்து ஏடாக்கித் தூரிகையால் எழுதினர். எஞ்சியுள்ள நான்கு ஏடுகளும் அவ்வகையினவே. எழுத்தாணிகொண்டு கீறிய நம் முன்னோர் ஓலையை ஏடாகக் கண்டனர்; வண்ணந்தீட்டி எழுதிய அவர் ஓலையைக் கூரையாகக் கண்டனர்.

லாண்டாவின் காலத்துக்கு ஏறத்தாழ 370 ஆண்டுகளின் பின், றொபேட் வோச்சோப் என்னும் அமெரிக்க அறிஞர் வஷாக்தூன் என்னும் பாழ்நகரிற் பழைய வீட்டுமேடுகளை அகழ்ந்தார். அங்கே எஞ்சியிருந்தவை மேடையும் கப்புக்குழிகளும் போன்ற சிலவே. அவற்றின்மேல் எழுந்து நின்றது எத்தகைய வீடு என்பதை அறிய, அவர் வாழும் மாயர் ஊர்களை ஊர்ஊராகச் சென்று பார்த்தார். கப்பு நாட்டுவது முதல் ஓலை செருகுவது வரை ஒவ்வொன்றையும் அளந்து வரைந்து, 1938 இல் இக்கால மாயர் வீடுகள் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். குடியானவரிடம் கற்றே தொல்லியலார் தம் குழிகளைப் படிக்கலாயினர் என்பதை நம் மாணவர் குறித்துக்கொள்க.

ஓலை கொய்யும் முறைக்கு வருவோம். மாயரின் அறிவு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் இதுவே. கூரைக்கு ஓலை வெட்டுவோன் மரத்தை மொட்டையடிப்பதில்லை. குருத்தையும் அதனை அடுத்த இளவோலையையும் விட்டு, முதிர்ந்தவற்றை மட்டும் எடுப்பான். தண்டு மேலெழாத இளமரங்களிலேயே, நம் ஊர்ச் சொல்லிற் கூறின் வடலிகளிலேயே, பெரிதும் வெட்டுவான். ஓலை கைக்கு எட்டும், அகலமும் நீளமும் நன்றாயிருக்கும். ஷாஆன் மிக மெல்ல வளர்வது. தண்டு எழுவதற்கே பல்லாண்டு செல்லும். ஆதலின் ஒரு வடலி ஒருவன் வாழ்நாளின் பெரும்பகுதிக்கு ஓலை தரும். இம்முறையைத் தாவரவியலார் அண்மைக் காலத்தில் அளந்து பார்த்துள்ளனர். அளவோடு கொய்யப்படும் மரம் இழந்த ஓலைக்கு ஈடாகப் புதிய ஓலையை விரைந்து விடுவதாகவும், அதனால் மரத்தொகை குன்றுவதில்லை எனவும் அவ்வளவீடுகள் காட்டுகின்றன.

காலமும் பார்ப்பர். கூரை மரத்தையும் ஓலையையும் முழுநிலவை ஒட்டிய நாட்களில் வெட்டினால் அவை உளுக்காது நெடுநாள் இருக்கும் என்பது யூக்கத்தான் ஊர்களெங்கும் வழங்கும் கொள்கை. மூங்கிலும் மரமும் வெட்ட நம் பெரியோர் தேய்பிறையைத் தேடுவர். மாயரோ முழுமதியைத் தேடுகின்றனர். இரண்டு நாட்டாரும் நிலவைப் பார்க்கின்றனர், ஆனால் ஒரே நிலவையன்று. இதனை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுவார் உளர். நமக்குத் தோன்றுவது வேறு. மாதத்திற் சில நாட்களே வெட்டுவதற்குரியவை என்று ஊரவர் அனைவரும் கட்டுப்பட்டிருப்பதால், மற்றைய நாட்களில் மரத்துக்கு ஓய்வு கிடைக்கின்றது. வெட்டுவோரும் ஒருங்கு கூடிச் செல்வதால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டாகின்றது. உளுப்பதைப் பற்றிய பகுதி எவ்வாறாயினும், இப்பயன் கண்கூடு.

மாயரின் வேளாண்மை, காட்டை வெட்டி எரித்துச் சில ஆண்டு பயிரிட்டுப் பின் காட்டுக்கே விடும் முறை. நம் நாட்டுச் சேனைப் பயிர்ச்செய்கையை ஒத்தது. சோளமும் அவரையும் பூசணியும் சேர்ந்து விளையும் அச்சேனையை மில்பா என்பர். மில்பாவுக்காகக் காடு வெட்டும்போது ஷாஆனை மாத்திரம் வெட்டாது விட்டுவிடுவர். நெருப்பு வந்து தண்டைக் கருக்கிச் செல்லும். குருத்து மடல்களினுள்ளே ஒடுங்கியிருந்து மீண்டும் தலைகாட்டும். முன்னர் நாம் கூறிய வளர்படை இல்லாத இயல்பு இங்கே குடியானவனுக்குத் துணையாகின்றது. சோளம் ஓங்கும் நிலத்தில் ஆங்காங்கே தனித்து நிற்கும் பனைகளைப் பார்க்கும் வெளிநாட்டார், அவை தாமே முளைத்தவை என எண்ணுவர். தாமே முளைத்தவைதாம், ஆனால் மனிதன் விட்டுவைத்தமையால் நிற்பவை. காடு எங்கே முடிகின்றது, தோட்டம் எங்கே தொடங்குகின்றது என்று கோடிட்டுக் கூறுதல் மாய நாட்டில் எளிதன்று.

வீட்டைச் சூழ்ந்த வளவிலும் ஷாஆன் வளர்க்கப்படும். ஹாவியர் கபயேரோ என்னும் மெக்சிக்கத் தாவரவியலார் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். காட்டில் ஓலை மிகுதியாகக் கிடைத்த இடங்களில் மக்கள் அதனை நட முயல்வதில்லை; காடு குறைந்து ஓலை அரிதான இடங்களிலேயே விதையூன்றியும் நாற்றுப் பெயர்த்து வைத்தும் வளவில் வளர்த்தனர். தேவையே தோட்டக்காரன் ஆகின்றது. காட்டுமரம் வீட்டுமரமாகும் அப்படிமுறையை ஒரு தலைமுறைக்குள்ளேயே கண்ணாற் காணுதல் தாவரவியல் மாணவர்க்கு அரிய வாய்ப்பாகும்.

இனி உணவுக்கும் குடிக்கும் உதவும் பனைகள். இவற்றுட் சிறந்தது கொயோல். மாயர் துக் என்பர். தண்டெங்கும் நீண்ட கருமுட்கள் நிறைந்து ஏறுவோரை அச்சுறுத்தும் மரம் இது. பழத்தின் சதை ஒட்டும் தன்மையது, இனியது; வெல்லப்பாகில் இட்டு வேகவைத்து உண்பர். உள்ளே வன்மையான கொட்டையும் எண்ணெய்ப் பருப்பும் உள. ஒண்டுராசிலுள்ள கொப்பான் என்னும் பழைய மாய நகரிற் கருகிய கொயோல் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அம்மரத்தை அப்பள்ளத்தாக்குக்கு மனிதரே கொணர்ந்து பரப்பியிருத்தல் வேண்டும் என டேவிட் லென்ஸ் என்னும் ஆய்வாளர் 1990 இல் வாதிட்டார்.

கொயோலிலிருந்து கள்ளும் எடுப்பர். ஆனால் எடுக்கும் முறை நம் முறைக்கு முற்றும் மாறானது. மரத்தை அடியோடு வீழ்த்தி, தலைப்புறம் சற்றே தாழக் கிடத்தி, குருத்துக்கு அண்மையிலே தண்டிற் பெட்டிபோல ஒரு குழி வெட்டுவர். சாறு அக்குழியில் ஊறும். நாள்தோறும் எடுத்து, வெட்டுவாயைப் புதுக்கிப் பல நாட்களுக்குப் பருகுவர். நம் சீவற்றொழிலாளி பாளையைக் கட்டித் தட்டிச் சீவி, மரத்துக்குக் கேடின்றி ஆண்டுதோறும் கள்ளும் கருப்பநீரும் இறக்குகின்றான்; ஒரு பனை அவனுக்கும் அவன் மகனுக்கும் உதவும். கொயோற் கள் குடிப்போர் ஒவ்வொரு முறையும் ஒரு மரத்தைக் குடிக்கின்றனர் எனலாம். கொயோல் எளிதிற் பரவும் மரமாதலின் இது தாங்கத்தக்கதாயிற்று. ஓலைக்கலையில் அவர் மேம்பட்டிருப்பினும், பாளையை அறிந்த வகையில் நம்மவர் கையே ஓங்கியது என்று கூறுவதற்கு நாம் கூசவேண்டியதில்லை. மாயரின் சடங்குகளுக்குரிய பழைய மதுவும் பனைமதுவன்று. தேனீரில் ஒரு மரப்பட்டையை ஊறவிட்டுப் புளிக்கவைத்த பல்சே என்பதேயாம்.

கொஹூன் என்பது மற்றொரு பெருமரம். மாயர் துட்ஸ் என்பர். தென்னையை ஒத்த இறகோலை. ஆனால் ஓலை மிக நீண்டு வானோக்கி நிமிர்ந்து வளையும். கொத்துக் கொத்தாகக் காய்க்கும் இதன் கொட்டையை உடைத்துப் பருப்பை இடித்து வேகவைத்து எண்ணெய் எடுப்பர். கொட்டையோ கல்லினும் கடியது. பெண்கள் கற்களின் இடையே வைத்து உடைக்கும் அத்தொழிலை எந்திரத்தாற் செய்ய முயன்ற வணிகர் பலர் கைந்நொந்தனர். கொஹூன் அடர்ந்த நிலம் ஆழமும் வளமும் உடையது என்பதும் மாயர் கண்ட குறிப்பு. பெலீசில் அத்தகைய நிலத்தை கொஹூன் மேடு என்றே இன்றும் வழங்குவர். மண்ணைச் சோதிக்க அவர்க்கு மரமே கருவி. இதன் ஓடு நல்ல கரியாவது. முதல் உலகப் போரில் நச்சுக்காற்றுக்கு எதிரான முகமூடிகளுக்கு உறிஞ்சும் கரி வேண்டியபோது, அமெரிக்கர் தேங்காய்ச் சிரட்டையோடு கொஹூன் ஓட்டையும் வருவித்துக் கரியாக்கினர். நம் வீடுகளில் ஊமற்கரியின் அருமையை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

பக்காயா என்பதும் குறிப்பிடத்தக்கது. குவாத்தமாலா மலைச்சாரல்களில் நிழலில் வளரும் இச்சிறுபனையின் ஆண்பாளையை, மடல் விரியுமுன் வெட்டியெடுத்துக் கறியாக்குவர். முட்டை தோய்த்துப் பொரிப்பதும் உண்டு. சிறிது கசப்புடையது, ஆயினும் சந்தையில் விரும்பி வாங்கப்படுவது. மெக்சிக்கோவில் இதற்கு வழங்கும் தெப்பெகிலோத்தே என்னும் பெயர், மலைச் சோளக்கதிர் என்னும் பொருளுடையது. சோளத்தையே உயிராகக் கொண்ட மக்கள் பாளையிலும் சோளத்தைக் கண்டனர். ஆண்பாளையை எடுத்துப் பெண்மரத்தை விடுவதால் விதைக்கும் குறைவில்லை.

சிறு பயன்களுக்குரிய பனைகளோ பல. மீஸ் என்னும் பனையின் பெயரே துடைப்பம் என்னும் பொருளுடையது. அதன் ஓலையைக் கட்டித் துடைப்பமாக்குவர். அதன் தண்டு முட்கள் கையைக் கிழிக்கும். ஓலையடியின் உட்சோற்றை எடுத்துக் காயத்தில் வைத்தால் குருதி நிற்கும் என்பர். கொடுத்து வாங்கும் பனை என்னும் கருத்தில் பெலீஸ் மக்கள் அதற்கு வைத்த பெயர் பொருத்தமே. பயால் என்பது மரங்களிற் பற்றிப் படரும் கொடிப்பனை. நம் பிரம்பினைப்போலக் கூடை முடையவும் நாற்காலி பின்னவும் உதவும். கரையோரத்துச் சிட் பனையின் மெல்லிய தண்டு, சிங்கிறால் பிடிக்கும் கூடுகளுக்குக் கரையோர மீனவர்க்குப் பயன்பட்டது. அளவுக்கு மிஞ்சி வெட்டப்பட்டமையால் அது இன்று மெக்சிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. பெலீசின் தென்கரையில் அலையாத்திச் சேற்றுள் மூழ்கிக் கிடந்த பழைய மாய உப்பளங்களில், பனைத்தண்டுக் கப்புகள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் நட்டவாறே நிற்பதை ஹெதர் மக்கிலொப் என்னும் தொல்லியலார் கண்டுபிடித்தார். வேறெங்கும் மக்கிப்போன மரவேலையை அந்த உவர்ச்சேறு காத்துத் தந்தது. காம்பேச்சே மாநிலத்துப் பெக்கால் என்னும் ஊரில், ஈரம் காய்ந்து நார் ஒடியாதிருக்க நிலக்குகையுள் அமர்ந்து தொப்பி பின்னுவர். அந்நாரை எல்லாரும் பனைநார் என்றே வழங்குவராயினும் அச்செடி தாவரவியற் கணக்கிற் பனையன்று என்பதை மாணவர் அறிந்து வைத்தல் நன்று.

பாயைப் பற்றி ஒரு செய்தி. கோரையாலும் ஓலையாலும் பின்னிய பாய் நம் நாட்டில் எளியோர் படுக்கை. மாயரிடத்தே அது அரசிருக்கை. போப் என்றாற் பாய். கீச்சே மாயரின் அரசப் பட்டமாகிய அஹ்போப் என்பதற்குப் பாய்க்குரியவன் என்பது பொருள். அவர்தம் புகழ்பெற்ற பழங்கதை நூலாகிய போப்பொல் வூ என்பதன் பெயரிலும் அப்பாய் விரிந்தே கிடக்கின்றது. ஆண்டின் முதல் மாதத்தின் பெயரும் போப்.

இவ்வறிவெல்லாம் இனத்தோடு பிறந்து வருவதா, இடத்திலே வாழ்ந்து பெறுவதா? இவ்வினாவுக்கு விடை தரும் ஆய்வொன்று வட குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டில் நிகழ்ந்தது. ஸ்கொட் அத்ரானும் அவர்தம் குழுவினரும் 1999 இல் அதன் முடிபுகளை வெளியிட்டனர். ஒரே காட்டில் மூன்று குழுவினர் பயிர் செய்கின்றனர்: அங்கேயே நெடுங்காலம் வாழும் இட்சா மாயர், மலைநாட்டிலிருந்து குடியேறிய கெக்சி மாயர், ஸ்பானிய மொழி பேசும் கலப்பினத்தார். இட்சா மாயரே காட்டைக் குறைவாக வெட்டி, பலவகை மரங்களையும் காத்து, பயன் பெறுகின்றனர். வந்து குடியேறிய கெக்சியர், அவரும் மாயரே ஆயினும், காட்டுக்கு மிகுதியான கேடு விளைத்தனர். வேற்று மொழியாராகிய கலப்பினத்தாரோ இட்சா முதியோரைப் பார்த்துக் கற்று, நடுநிலையில் நின்றனர். மூன்று குழுவினரும் தாவரங்களை எவ்வாறு கருதினர் என்று வினவியபோது, காட்டில் உறையும் அருஷ் என்னும் காவற்றெய்வங்கள் இன்னின்ன மரங்களைக் காக்கின்றன என்று இட்சா மாயர் கூறினர். அவ்வாய்விற் கேட்கப்பட்ட தாவரங்களிற் பனைகளும் பல. குருதி வழியன்று, கண்வழியும் செவிவழியுமே அறிவு செல்கின்றது என்பது இதனாற் பெறப்படும். இதிற் கவலைக்குரிய பகுதியும் உண்டு. இட்சா மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க முதியோர் சிலரே. ஒவ்வொரு பனைக்கும், அதன் ஒவ்வொரு பருவத்துக்கும் அம்மொழியிலுள்ள பெயர்கள் அவரோடு செல்கின்றன.

அதே பெத்தேன் காட்டிற் சிறுபனைகளின் வணிகம் ஒன்று நடைபெறுகின்றது. ஷாத்தே எனப்படும் அச்சிறுபனைகளின் ஓலை, வெட்டிய பின்னும் பல நாள் வாடாது. ஆதலின் வட அமெரிக்காவிற் பூங்கொத்துகளுக்கும், குருத்தோலை ஞாயிறு வழிபாட்டுக்கும் அது பெருந்தொகையாக ஏற்றுமதியாகின்றது. ஓலையின் எண்ணிக்கைக்குக் கூலி தந்த காலத்தில், வெட்டுவோர் நல்லதும் தீயதும் பாராது அரிந்து குவித்தனர். புள்ளி விழுந்தவையும் கிழிந்தவையும் பின்னர்க் குப்பைக்குச் சென்றன. காட்டுக்கு இழப்பு, வெட்டியவனுக்கும் ஊதியமில்லை. வஷாக்தூன் பாழ்நகரை அடுத்த சிற்றூரார், அப்பகுதிக் காட்டைப் பேணிப் பயன்கொள்ளும் உரிமையை 2000 ஆம் ஆண்டளவில் அரசிடமிருந்து பெற்றனர். அதன்பின் நல்லோலைக்கு மட்டும் விலை என்னும் முறை புகுந்தது. அங்கே வெட்டுவோருட் பலர் மாயரல்லர். ஆயினும் மரத்துக்கு இத்தனை ஓலை விட்டுவைத்தல் வேண்டும் என இப்போது எழுதப்பட்டுள்ள விதி, மாயர் ஷாஆனுக்கு எழுதாது கைக்கொண்ட விதியின் மறுபதிப்பாகும்.

தென்னையைப் பற்றிக் கூறாதுவிடின் வாசகர் குறைகூறுவர். யூக்கத்தான் கடற்கரைப் படங்களிற் சாய்ந்து நிற்கும் தென்னையைக் கண்டு, அது மாயரின் பழைய மரம் என்று பலர் எண்ணுகின்றனர். ஐரோப்பியர் வருமுன் கரிபியன் கரையில் தென்னை இருந்ததில்லை. போத்துக்கேயர் இந்து சமுத்திரக் கரைகளிலிருந்து ஆபிரிக்காவைச் சுற்றிக் கொணர்ந்து 16 ஆம் நூற்றாண்டில் அங்கே பரவச் செய்தனர். 2011 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று உலகத் தென்னைகளை இரு பெருங்குலங்களாகப் பிரித்து, கரிபியன் தென்னை இந்து சமுத்திரக் குலத்தைச் சேர்ந்தது எனக் காட்டியது. அக்குலம் பயிராகத் தொடங்கிய இடமாக அவ்வாய்வாளர் கருதுவது தென்னிந்தியாவும் இலங்கையும் மாலைதீவும் இலட்சதீவும் சூழ்ந்த பகுதியேயாம். மாயர் கரையில் முதலில் வேரூன்றியவை நம் பக்கத்து மரங்களின் வழித்தோன்றல்களாதல் கூடும். வந்தேறியான அத்தென்னையை, 1970களின் பிற்பகுதி தொட்டு மஞ்சள்நோய் என்னும் கொடிய பிணி பற்றி, 1980களில் யூக்கத்தான் கரையெங்கும் மொட்டைக் கம்பங்களாக்கியது. இப்போதுள்ளவற்றுட் பல, நோயைத் தாங்கும் குட்டை இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் கொண்டு மீள நட்டவை.

ஷாஆனுக்கோ வேறு வகையான சோதனை வந்தது. கன்கூன் என்னும் மணற்றிட்டு 1970 தொட்டு உல்லாசப் பயணிகளின் நகராக எழுப்பப்பட்டது. ஓலைக்கூரை மண்டபம் இன்றேல் அங்கே விடுதியில்லை என்னுமாறு ஓலைக்குக் கிராக்கி ஏறிற்று. வீட்டுக்கு வெட்டியவன் 20 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினான். விடுதிக்கு வெட்டுபவன் வாரந்தோறும் வெட்டுகின்றான். 1988 செப்டெம்பரில் வீசிய கில்பேட் சூறாவளி ஊர்க்கூரைகளைப் பறித்துச் சென்றபோது, ஓலை தேடியோர் பலர் தகரத்துக்கும் தார்பூசிய அட்டைக்கும் மாறினர். வேய்வதற்குக் கூடும் அயலார் கூட்டமும் அதனோடு கலைந்தது. சூறாவளிக்குப் பின் அரசு கட்டித்தரும் வீடுகள் கல்லும் சீமெந்துமாகவே அமைகின்றன. வட்ட முனைகள் காற்றுக்கு வழிவிட்ட பழைய வீட்டைக் காட்டிலும் இவை உறுதியானவை என்பது மெய்யே. ஆனால் சித்திரை வெயிலிற் பகற்போதில் உள்ளே இருக்கவியலாது. ஆகவே யூக்கத்தான் ஊர்கள் பலவற்றில் இன்று காணும் காட்சி இது: தெருப்பக்கம் சீமெந்து வீடு, அதன் பின்னே கோடிப்புறத்தில் ஓலை வேய்ந்த பழைய வீடு. சோள அடை சுடும் அடுப்பும், பகலிற் படுக்கும் ஏணையும் பின்வீட்டிலேயே உள்ளன. அதன் கூரையைப் புதுக்க வேண்டும்போது, வளவிலே முன்னோர் விட்டுவைத்த ஷாஆன் உண்டாயின் அதிலேயே வெட்டுவர். இல்லாதார் விடுதிக்காரர் கொடுக்கும் விலையைக் கொடுத்து ஓலை வாங்குகின்றனர்.